சட்டம் வகுப்போர்க்கும் சட்டம் ஒன்றே

உலகியல் செவ்வனே நடத்தற்கு ஒரு நெறி வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அந்நெறியை ஆய்ந்து வகுத்தற்குச் சிலர் வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஐயம் எழுவது அடுத்த படியிலேயாம். நெறி வகுத்தவர் அந்நெறிக்குள் நிற்பவரோ, அன்றி அதற்கு மேலே நிற்பவரோ என்னும் வினாவே அது. முடிமன்னர் காலத்தும் இவ்வினா இருந்தது. குடியரசின் காலத்தும் இருக்கின்றது. இஃது அரசியலார் ஆராய்தற்குரிய பொருளேயன்றிச் சமயவிதழொன்றில் எழுதத்தக்கதோ எனச் சிலர் வினவலாம். நம் சமயப் பெருநூல்களுள் தலைசிறந்ததொன்று இவ்வினாவினையே தன் வாயிலில் நிறுத்தியிருத்தலின், சைவர்க்கு இஃது அயலாகிய பொருள் அன்று என்க.

தொண்டை நன்னாட்டிலே, இன்று சென்னை மாநகரின் மேற்கெல்லையாய் விளங்கும் பகுதியில், பூவிருந்தவல்லிக்கும் ஆவடிக்கும் இடையே பருத்திப்பட்டு என்னும் ஊர் உளது. ஏரியும் கழனியுமாய் இருந்த இவ்வூர் இன்று நகரோடு நகராய் ஒன்றிவிட்டது. இதன்கண் நின்று நாற்றிசையும் நோக்குவார்க்குத் திருத்தொண்டர் வரலாறு கண்முன் விரியும். தென்கிழக்கே கூவத்தின் கரையில் மூர்க்க நாயனார் அவதரித்த திருவேற்காடு. மேற்கே பூசலார் நாயனார் மனத்தினாற் கோயில் எடுத்த திருநின்றவூர். தெற்கே பூவிருந்தவல்லிக்கும் அப்பால், அவ்வடியார் வரலாறுகளை எல்லாம் உலகிற்கு உரைத்தருளிய சேக்கிழார் பெருமான் தோன்றிய குன்றத்தூர்.

சேக்கிழார் துறவியாய் ஒதுங்கியிருந்து நூல் செய்தவரல்லர். கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அநபாய சோழனிடத்து, ஆராய்ச்சியாளர் பலர் இரண்டாங் குலோத்துங்கன் எனத் துணியும் மன்னனிடத்து, முதலமைச்சராய் அமர்ந்து உத்தமசோழப் பல்லவராயன் என்னும் பட்டமும் பெற்றவர். ஆணைகள் எங்ஙனம் பிறக்கின்றன, எவர்க்கு வளைகின்றன, எவர்மேற் பாய்கின்றன என்பவற்றை அரண்மனைக்குள் இருந்தே கண்டவர். அத்தகையார் திருத்தொண்டர் புராணத்தைத் தொடங்குங்கால், அறுபத்துமூவருள் ஒருவராக எண்ணப்பெறாத ஒரு மன்னன் வரலாற்றைத் திருவாரூர் நகரச் சிறப்பிலே விரித்து வைத்தார். அதுவே மனுநீதி கண்ட சோழன் வரலாறு. ஓர் அமைச்சர் தம் நூலின் முகப்பில் இதனை வைத்தமை தற்செயலென்று கொள்ளுதல் பொருந்தாது.

அவ்வரலாறு யாவரும் அறிந்ததே. அரசிளங்குமரன் ஊர்ந்த தேர்க்காலில் ஓர் ஆன்கன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியைத் தன் கோட்டினால் அசைத்தது. மன்னன் இறங்கி வந்தான். தேரேற்றிக் கொன்றமையும், அதற்கு அவன் தன் மகன்மேல் தேரூர்ந்தமையும், பின்னர்த் தியாகேசப் பெருமான் விடைமேற் காட்சி தந்து கன்றையும் மைந்தனையும் அமைச்சனையும் எழுப்பியருளியமையும் சிறுவரும் அறிவர். ஆயின், நடுவே நிகழ்ந்த வழக்காடலைப் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். நம் பொருளுக்கு உயிராயிருப்பது அவ்வழக்காடலே.

அமைச்சர்கள் அரசனை நோக்கி, பசுவைக் கொன்றார்க்கு நூல்களிலே கழுவாய் விதிக்கப்பட்டுள்ளது என்றும், அந்தணர் கூறும் அக்கழுவாயை இளவரசன் செய்தலே முறையென்றும் கூறினர். அவர் கூறியது பொய்யன்று, நூலாதரவு உடையதே. வழக்கிலும் உள்ளதே. அதனை மறுத்த மன்னன் காட்டிய காரணம் இரண்டு. முதலாவது, மன்னுயிர்க்கு வரும் அச்சங்கள் ஐந்தென்பது. அரசனாலும், அவன் ஏவலராலும், பகைவராலும், கள்வராலும், விலங்கு முதலிய பிறவுயிர்களாலும் குடிகட்குத் தீங்கு வரும். அவ்வைந்தினையும் நீக்குவோனே காவலன் என்றான். இவ்வெண்ணு முறையினை உற்று நோக்குக. கள்வனும் பகைவனும் பின்னே நிற்கின்றனர். முன்னே நிற்பவன் அரசன். அடுத்து நிற்பவர் அவனைச் சூழ்ந்தோர். காவலனிடத்தினின்றே காக்கவேண்டும் என்பது அதன் கருத்தாம். இரண்டாவது காரணம் இன்னும் கூரியது. வேற்றான் ஒருவன் கொலை செய்யின் அவனுக்குக் கொலைத்தண்டம் விதித்துத் தன் மகன் செய்யின் கழுவாயோடு அமைவதாயின், பண்டை முறை தன்னால் அழிந்தது என்று உலகம் பழிக்கும் என்றான். கழுவாய் பெரிதோ தண்டம் பெரிதோ என்பது அவன் வினாவன்று. ஒரே செயலுக்கு இரண்டு அளவுகோல் உண்டோ என்பதே அவன் வினா.

கன்றின் உயிர்க்கு மைந்தன் உயிரோ எனவும், இஃது அளவிறந்த கொடுமையன்றோ எனவும் இக்காலத்தார் வினவுவர். அவ்வினாவிற்கு இடமுண்டு. தண்டத்தின் கடுமையை நாம் இன்று பின்பற்ற வேண்டுவதில்லை. ஒரு சட்டம் கொடிதாயின் அதனை எல்லார்க்கும் மென்மையாக்குதலே அறம். ஆயின், மென்மை தனக்கும் தன் கிளைக்கும் மட்டும் என்பதுதான் முறைகேடு. கொடிய சட்டத்தின் கீழே தன் மகனும் நிற்க வேண்டும் என்று அறிந்த வேந்தனே அதன் கொடுமையை உணர்வான். உணர்ந்து திருத்தவும் முற்படுவான். தன்மேல் என்றும் பாயாத சட்டத்தின் கூர்மை அதனை வகுத்தவனுக்குத் தெரிவதில்லை. ஆகலின், சட்டஞ் செய்வோர் அதன்கீழ் நிற்றல் குடிகட்கு ஆறுதலாதலேயன்றிச் சட்டம் செம்மையுறுதற்கும் காரணமாகின்றது.

திருநின்றவூர் வரலாறும் ஈண்டு நினையத்தக்கது. காடவர் கோமான் கச்சியிலே கற்றளி எடுத்துக் குடமுழுக்கிற்கு நாள் குறித்தான். அந்நாளிலேயே பூசலார் தம் மனத்தில் எடுத்த கோயிலுக்கும் நாள் குறித்திருந்தார். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, அன்பனுடைய கோயிலிற் புகவேண்டியிருத்தலின் நின் செயலை வேறொரு நாளில் வைத்துக்கொள்க என்று அருளினார். பொருளற்ற அடியாரது நாள் நின்றது; பெரும்பொருள் செலவிட்ட அரசனது நாள் தள்ளிப் போயிற்று. மன்னன் சினந்தானல்லன்; தேடிவந்து அடியார் திருவடியில் முடிதோய வணங்கினான். முந்துரிமையை அரச பதவி தருவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவாகிய சான்று வேண்டா.

இனி, இறைவன் தானும் இந்நெறியிலேயே நின்று காட்டினன் என்பதை நம் புராணங்கள் பேசுகின்றன. சுந்தரமூர்த்தி சுவாமிகளைத் தடுத்தாட்கொள்ள வந்த பெருமான் ஒரு முதிய வேதியராய் வந்தார். நீ எனக்கு வழியடிமை என்று வழக்குரைத்தார். எல்லாம் வல்ல அவர், தம் ஆற்றலைக் காட்டி அப்பொழுதே ஆட்கொண்டிருக்கலாம். அங்ஙனம் செய்திலர். திருவெண்ணெய்நல்லூர் அவையின் முன்னர் வாதியாய்ப் போய் நின்றார். அவையத்தார் சான்று கேட்டனர், மூலவோலையைக் காட்டினார். சுந்தரருடைய பாட்டனார் கையெழுத்தோடு அதனை ஒப்புநோக்க வேண்டுமென்றனர், இசைந்தார். வேறோரிடத்துக் காப்பிலிருந்த பழைய ஓலையொன்று வருவிக்கப்பெற்று, இரண்டும் ஒத்திருக்கக் கண்ட பின்னரே அவை தீர்ப்புரைத்தது. தம் வழக்கைத் தாமே தீர்த்துக்கொள்ளாமல் பிறர் அவையிலே வைத்தார் என்பதே ஈண்டுப் போற்றத்தக்கது.

பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலும் அத்தகையதே. வையைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓராள் வரவேண்டுமென்பது பாண்டியன் ஆணை. ஆளற்ற வந்தியின் பங்கிற்குப் பெருமானே கூலியாளாய் வந்தார், ஆணைக்கு உட்பட்டார், வேலையில் தவறியதற்குப் பிரம்படியும் ஏற்றார். அவ்வடி எவ்வுயிர்மேலும் பட்டது. அடித்த பாண்டியன் முதுகிலும் பட்டது. பிறர்மேல் ஓங்கிய கோல் தன்மேலும் படும் என்று உணராத வேந்தனுக்கு அதனினும் சிறந்த பாடம் புகட்டுவார் யாவர்?

இவற்றைக் கதையென்று ஒதுக்காமல் சித்தாந்தக் கண்கொண்டு நோக்குவோமாக. பதியாகிய இறைவன் மலமற்றவன், தன்வயத்தன், வினைக்கு உட்படாதவன். அங்ஙனமிருந்தும் உயிர்கட்கு இன்பதுன்பங்களைக் கூட்டுங்கால் அவ்வவற்றின் வினைக்கு ஈடாகவே கூட்டுகின்றான். வேண்டியவர் வேண்டாதவர் என்னும் வேறுபாடு அவனுக்கில்லை. உயிர்களோ ஆணவ மலத்தாற் பிணிப்புண்டவை. இவ்வுலகில் உடம்பெடுத்து வாழும் நாமெல்லாம் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலமும் உடைய சகலர். அரசனும் சகலன், அமைச்சனும் சகலன், வாக்களிக்கும் குடிமகனும் சகலன், வாக்குப்பெற்றுச் சட்டசபை ஏறுபவனும் சகலனே. முடிசூட்டு விழாவாலும் தேர்தலாலும் மலம் பரிபாகம் அடைவதில்லை. ஆகவே, ‘யான்’, ‘எனது’ என்னும் செருக்கினால் அறிவு மறைக்கப்படுதல் ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் பொதுவாம். அதிகாரம் மிகுந்த விடத்து அச்செருக்கு வளர்தற்கு இடமும் மிகுதி. மலமற்ற முதல்வனே ஒரு முறையைக் காத்து நிற்க, மலமுடைய மனிதன் தான் வகுத்த முறைக்குத் தான் விலக்கு என்பானாயின், அவன் இறைவனுக்கும் மேலே தனக்கோர் ஆசனம் இட்டுக்கொள்கின்றான் என்றே கொள்ளவேண்டும்.

இக்கொள்கை ஏட்டளவில் நின்றதன்று. நம் நாட்டு ஊரவைகள் இதனைக் கல்லிலும் பொறித்தன. திருநெல்வேலிச் சீமையிலுள்ள மானூரில், பாண்டியன் மாறஞ்சடையனது 35ஆம் ஆட்சியாண்டில், அவ்வூர்ச் சபையார் தமக்கென்றே சில விதிகள் செய்துகொண்டனர். கூட்டத்திற் கொண்டுவரப்படும் ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே மறுத்துத் தடைசெய்யும் உறுப்பினர் ஐந்து காசு தண்டம் இறுக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஊரார்க்குத் தண்டம் விதிக்கும் சபை, தன்னுறுப்பினர்க்கும் தண்டம் விதித்தமை காண்க.

காஞ்சிக்குத் தெற்கேயுள்ள உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழனது ஆட்சியில், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய இரண்டு கல்வெட்டுகள் இன்னும் விரிவாகப் பேசுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பெற்றது. குடவோலையால் வாரியப் பெருமக்கள் தெரிந்தெடுக்கப்பெற்றனர்; சம்வற்சர வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர். முந்நூற்றறுபது நாளே பதவி. முந்திய மூன்றாண்டுக்குள் வாரியஞ் செய்தவர் மீண்டும் வரலாகாது. இவற்றினும் சிறந்தது கணக்கைப் பற்றிய விதியாம். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாது ஒழிந்தவன் பெயர் குடத்தில் இடப்படாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பலர் பெயரும் இடப்படா. பிறர்பொருள் கவர்ந்தவனுக்கும் பெரும்பாதகம் புரிந்தவனுக்கும் இடமில்லை. பதவியில் இருக்கும்பொழுதே குற்றம் கண்டால் அப்பொழுதே நீக்கவும் விதியுண்டு. பொதுப்பொருளைக் கையாள்வோன் தனியொருவனைக் காட்டிலும் கடுமையாகிய சட்டத்தின்கீழ் நின்றான் என்பது இதனாற் பெறப்படும்.

பழமையைப் போற்றுங்கால் அதன் குறையை மறைத்தல் அறமன்று. உத்தரமேரூர்ச் சபை பிரமதேயச் சபை. நிலமும் மனையும் வேதக்கல்வியும் உடைய அந்தண ஆடவரே அதிற் புகுந்தனர்; ஊரில் உழைத்த ஏனையோர்க்கும் பெண்டிர்க்கும் ஆண்டு இடமில்லை. ஒருவட்டத்திற்குள் நிலவிய சமநீதியே அது. பண்டைத் தருமநூல்களிலும் இத்தகைய இருநிலை உண்டு. மனுவின் நூல், எளியான் ஒரு காசு தண்டம் இறுக்கும் குற்றத்திற்கு அரசன் ஆயிரங் காசு இறுக்கவேண்டும் என்று ஓரிடத்து விதிக்கின்றது; மற்றோரிடத்து அந்தணனுக்குக் கொலைத்தண்டம் இல்லையென விலக்கும் தருகின்றது. அரசனுக்குத் தண்டம் மிகும் என்ற முன்னையது கொள்ளத்தக்கது. பிறப்பு நோக்கி விலக்குத் தந்த பின்னையது தள்ளத்தக்கது. நூலாதரவு காட்டிய அமைச்சரை மறுத்துச் சேக்கிழாரின் மனுச்சோழன் செய்ததும் இத்தகைய தெரிவே.

இடைக்காலத்து ஆங்கிலராட்சி வந்தது. சட்டத்தின்முன் யாவரும் நிகர் என்று அவர்கள் பெரிதும் பேசினர். ஆயினும் 1872ஆம் ஆண்டின் குற்றவிசாரணைச் சட்டத்தின்படி, தலைநகரங்கட்குப் புறம்பேயுள்ள மாவட்டங்களில் ஐரோப்பியக் குடிகள்மேல் வரும் குற்ற வழக்கினை ஐரோப்பிய நீதிபதிகளே விசாரித்தற்குரியர். 1883ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு காலத்தில் இல்பர்ட்டு என்பார் இவ்வேற்றுமையைக் குறைக்க ஒரு மசோதா கொணர்ந்தார். ஐரோப்பியர் பெருங்கிளர்ச்சி செய்தனர். 1884ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம், பாதிப்பேரேனும் ஐரோப்பியரோ அமெரிக்கரோ ஆகவுள்ள ஜூரியைக் கேட்கும் உரிமையை அவர்கட்கு அளித்து, ஒரு கையாற் கொடுத்ததை மறுகையாற் பறித்தது. குற்றவிசாரணையில் நிறவேற்றுமை முற்றும் ஒழிந்தது 1949ஆம் ஆண்டிலேயாம். தாம் வகுத்த சட்டத்தின் கீழே தாம் நிற்க விரும்பாத ஆட்சியின்பால் மக்கட்கு நம்பிக்கை எங்ஙனம் நிலைக்கும்? அந்நம்பிக்கையின் சிதைவே விடுதலை இயக்கத்திற்கு உரமாயிற்று. இல்பர்ட்டுக் கிளர்ச்சிக்கு இரண்டாண்டின் பின், 1885இல், காங்கிரஸ் மகாசபை தோன்றிற்று.

1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நம் அரசியற் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 14ஆம் உறுப்பு, சட்டத்தின்முன் எவர்க்கும் நிகர்மையை மறுத்தல் ஆகாதென்று விதித்தது. ஐந்தாண்டு கழித்து, 1955ஆம் ஆண்டு சனவரியில், பருத்திப்பட்டுக்கு அணித்தாகிய ஆவடியிலே காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிச மாதிரிச் சமுதாயத்தைத் தன் குறிக்கோளாகத் தீர்மானித்தது. செல்வத்தில் ஏற்றத்தாழ்வு குறைய வேண்டுமென்று அக்கூட்டம் விரும்பியது. செல்வத்தின் நிகர்மை அருமையுடையது. காலமும் பொருளும் வேண்டுவது. சட்டத்தின் நிகர்மைக்கோ பொருட்செலவில்லை. ஆள்வோர் மனம் இசைந்தால் அமையும். எளிதாகிய அதுவே அரிதாய் இருந்தமை பின்வருவனவற்றால் விளங்கும்.

அரசியற் சட்டத்தின் 105ஆம் உறுப்பு பார்லிமெண்டு உறுப்பினர்க்கும், 194ஆம் உறுப்பு மாநிலச் சட்டசபை உறுப்பினர்க்கும் சில சிறப்புரிமைகள் அளிக்கின்றன. அவையிற் பேசும் பேச்சிற்கும் அளிக்கும் வாக்கிற்கும் நீதிமன்றத்தில் விடையிறுக்க வேண்டுவதில்லை. இவ்வுரிமை வேண்டத்தக்கதே. அஞ்சி நாவடங்கிய உறுப்பினனால் குடிகட்கு என்ன பயன்? ஆயின், பணிக்காக அளித்த கவசம் ஆளுக்குரிய அணிகலனாய் மாறுதலும் உண்டு.

1987ஆம் ஆண்டில் ஆனந்த விகடன் இதழ் அட்டையில் அரசியல்வாணரை நகைத்து வெளிவந்த ஒரு படத்திற்காக, தமிழ்நாட்டுச் சட்டசபை அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று திங்கள் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு மூண்டமையால் சின்னாட்களில் அவர் விடுவிக்கப்பெற்றார். 1994ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதி மன்றம் அச்சிறைவாசம் முறையன்றென்று கூறி, அடையாளமாக 1,000 ரூபாய் இழப்பீடு அளிக்கச் செய்தது. ஈண்டு வழக்காளியும் சட்டசபை, நீதிபதியும் சட்டசபை, தண்டித்ததும் சட்டசபை. தம் வழக்கைத் தாமே தீர்க்காது திருவெண்ணெய்நல்லூர் அவைமுன் நின்ற பெருமானை இதனோடு ஒப்புநோக்கின் வேற்றுமை விளங்கும்.

இன்னொன்று இதனினும் வியப்பிற்குரியது. 1993ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மத்திய அரசின்மேல் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது, சில உறுப்பினர் கையூட்டுப் பெற்று வாக்களித்தனர் என்று வழக்கெழுந்தது. 1998ஆம் ஆண்டில் உச்சநீதி மன்றம், ஐவருள் மூவர் கருத்தின்படி, கையூட்டு வாங்கி அதற்கேற்ப வாக்களித்த உறுப்பினரை 105ஆம் உறுப்புக் காக்கும் என்றது. கொடுத்தவரையும் வாங்கியும் வாக்களியாதவரையும் அது காவாது என்றும் கூறிற்று. விலைக்கு விற்றுச் சொன்னபடி கொடுத்தவனுக்குக் காப்பு. விற்றுவிட்டுக் கொடாதவனுக்குக் காப்பில்லை. சிற்றூரில் ஒரு சிறு அலுவலன் நூறு ரூபாய் வாங்கினும் சிறை புகவேண்டிய நாட்டில் இத்தீர்ப்பு இருபத்தைந்து ஆண்டிற்கு மேலாக நின்றது. 2024ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள், ஏழு நீதிபதிகள் ஒருமித்து அதனைத் தள்ளினர். அவையின் பணிக்கு இன்றியமையாததாயின் மட்டுமே சிறப்புரிமை நிற்கும். கையூட்டு அத்தகைய பணியன்று. வாங்கியபொழுதே குற்றம் முற்றுப்பெறும் என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

தேர்தற் சட்டத்திலும் ஒரு மறைவழி இருந்தது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, சில குற்றங்கட்குத் தண்டிக்கப்பெற்றவர் தேர்தலில் நிற்கலாகாது. முன்னரே உறுப்பினராய் இருப்பவர்க்கோ மூன்று திங்கள் தவணையுண்டு. அதற்குள் மேன்முறையீடு செய்தால் அது முடியுங்காறும் பதவி நிலைக்கும். உள்ளே நுழைய விரும்புவானுக்கு ஒரு சட்டம். உள்ளே இருப்பானுக்கு மற்றொன்று. 2013ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் உச்சநீதி மன்றம் இவ்விலக்கினைச் செல்லாதென நீக்கிற்று. அடுத்த ஆண்டு, 2014 செப்டம்பர் 27ஆம் நாள், பெங்களூர்த் தனி நீதிமன்றம் தமிழ்நாட்டு முதலமைச்சராயிருந்த ஜெ. ஜெயலலிதாவைத் தண்டித்தபொழுது, உறுப்பினர் பதவியும் அதனோடு முதலமைச்சர் பதவியும் அப்பொழுதே நீங்கின. 2015இல் மேன்முறையீட்டில் உயர்நீதி மன்றம் அவரை விடுவித்தது, மீண்டும் முதல்வரானார். 2017இல் உச்சநீதி மன்றம் அவ்விடுதலையை மாற்றியபொழுது அவர் உயிரோடில்லை. அவரைப் பற்றிய வழக்கின் தகுதி எதுவாயினும், உயர்ந்த பதவியையும் எளிய குடியையும் ஒரே துலாக்கோல் நிறுத்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

வரிச் சட்டத்திலும் இத்தகைய வேற்றுமை நுழைந்ததுண்டு. உத்தரப் பிரதேசத்தில் 1981ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி அமைச்சர்களின் சம்பளத்திற்குரிய வருமான வரியை அரசின் கருவூலமே செலுத்திவந்தது. வரி விதிப்போர் வரியைக் குடிகளைக் கொண்டே செலுத்துவித்த இவ்வழக்கம் 2019ஆம் ஆண்டுவரை நீடித்துப் பின்னரே கைவிடப்பட்டது.

இக்குறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் காங்கிரஸ், தொழிலாளர் நலத்திற்கும் பணியிடப் பாதுகாப்பிற்கும் சட்டங்கள் பல செய்து, அவற்றுட் பலவற்றினின்றும் தன்னை நெடுங்காலம் விலக்கி வைத்திருந்தது. 1995ஆம் ஆண்டு சனவரியில்தான் அச்சட்டங்கள் தனக்கும் உரியவென ஒரு தனிச்சட்டம் செய்து ஒப்புக்கொண்டது. இங்கிலாந்தில் பார்லிமெண்டு உறுப்பினர் சிலர் பொய்க்கணக்குக் காட்டிப் படிப்பணம் பெற்றனர் எனக் குற்றஞ்சாட்டப்பெற்றுச் சிறப்புரிமையைக் கேடயமாகப் பிடித்தனர். கணக்குக் காட்டிப் பணம் பெறுதல் அவை நடவடிக்கையின் பகுதியன்றென்று அந்நாட்டு உச்சநீதி மன்றம் 2010ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அவர்கள் 2011ஆம் ஆண்டில் சிறை புகுந்தனர். கணக்குக் காட்டாதவனை அணுகவிடாத உத்தரமேரூர் விதி ஆயிரத்தொருநூறு ஆண்டுக்கு முந்தியது என்பதை ஈண்டு நினைவுகூர்க.

இவற்றால் ஒரு பகுப்புத் தெளிவாகின்றது. பதவியின் பணிக்கு இன்றியமையாத உரிமை வேறு. பதவியில் இருப்பவனுக்கு வாய்ப்பாகிய விலக்கு வேறு. அவையில் அஞ்சாது பேசும் உரிமை முன்னையது. அதனாற் பயன்பெறுவோர் குடிகள். கையூட்டிற்குக் காப்பும், தண்டனைக்குப் பின்னும் நாற்காலியும், வரியின்மையும் பின்னையவை. அவற்றாற் பயன்பெறுவோன் அவனொருவனே. ஒரு விலக்கு எழுந்தவிடத்து, இஃது யாருக்குப் பயன்படுகின்றது என்று வினவுதலே அதனை அளக்கும் கோலாம்.

சட்டம் செய்வோரே அன்றி, அச்சட்டத்தைக் கையாளும் அரசும் இவ்வளவுகோலின்கீழ் நிற்கவேண்டும். ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்றுதற்குத் தமிழ்நாடு 2007ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தது. நன்று. ஆயின், ஏரிகளை மேடாக்கினோர் குடிகள் மட்டும் அல்லர். சென்னையில் மாம்பலத்து நெடிய ஏரியை 1920களில் வற்றச்செய்து தியாகராயநகரை அமைத்தது அரசே. 1976ஆம் ஆண்டிற் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டமும் பழைய நுங்கம்பாக்கத்து ஏரிநிலத்தே எழுந்தது. ஏரிக்கரையிற் குடிசையிட்ட ஏழைக்கு அகற்றல். ஏரி நடுவே மாளிகையிட்ட அரசிற்குத் திறப்புவிழா. பருத்திப்பட்டு ஏரி 2019ஆம் ஆண்டிற் சீர்செய்யப்பெற்றுப் பூங்காவோடு விளங்குகின்றது. அங்ஙனம் காக்கப்பெற்ற நீர்நிலையைக் காண்பார்க்கு மகிழ்ச்சி உண்டாம். அம்மகிழ்ச்சி நிலைத்தற்கு, கழிவுநீரை விடுவோர் வீட்டினராயினும் அரசு அலுவலகத்தாராயினும் சட்டம் ஒன்றாய் இருத்தல் வேண்டும். உத்தரமேரூரின் ஏரி வாரியத்து அறுவரும் அவ்வேரி நீரையே பருகினர். அதனைக் கெடுத்துத் தாம்மட்டும் நன்னீர் பருகுதல் அவர்க்கு இயலாதாயிற்று. ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே நீரைப் பருகுதலே நல்லாட்சிக்கு உறுதியாம்.

சைவ அன்பர்கள் செய்யத்தக்கது யாது? பிறர் குற்றம் கூறுதலோடு அமைதல் போதாது. நம் கோயிற் பணிகளிலும், மடங்களிலும், சபைகளிலும், பள்ளிகளிலும் விதி செய்வோர் பலர் உளர். வரிசையில் நிற்கும் அடியாரை விலக்கிப் பதவியாளரை முன்விடும் வழக்கம் பல கோயில்களில் உண்டு. பூசலார் வரலாற்றைப் படித்தார்க்கு அது நாணத்தைத் தரவேண்டும். சபைப்பொருளுக்குக் கணக்குக் காட்டுதல், தவறிய உறுப்பினரையும் ஏனையோர் போலவே வினவுதல், தம்மவர் என்று கண்ணோடாமை ஆகிய இவற்றை நம் சிறு வட்டத்திலே பழகினாலன்றிப் பெருநாட்டினிடத்து எதிர்பார்த்தல் வீணே. ஊரவையில் பழகாத நீதி நாட்டவையில் விளையாது.

குன்றத்தூர் அமைச்சர் ஐந்தச்சங்களுள் அரசனால் வரும் அச்சத்தைத் தலையில் வைத்தமை நம் நெஞ்சில் நிற்பதாகுக. அவர் ஆணைகளைப் பிறப்பித்த கையினாலேயே அதனை எழுதினார். மன்னர் மறைந்தனர், மன்னரிடத்தே மக்களால் தெரிந்தெடுக்கப்பட்டோர் அமர்ந்துள்ளனர். ஆசனம் மாறினும் ஆணவம் மாறவில்லை; ஆகலின் அவ்வச்சத்தை நீக்கும் கடமையும் மாறவில்லை. வாயில் மணி இன்று நீதிமன்றமாகவும், வாக்குச்சீட்டாகவும், அஞ்சாத எழுத்தாகவும் தொங்குகின்றது. அதனை அசைத்தற்குப் பசுவினுக்கு இருந்த துணிவு நமக்கும் உண்டாகுக. ஓசை கேட்டு இறங்கிவரும் மனம் ஆள்வோர்க்கும் உண்டாகுக. எல்லார்க்கும் ஒரு நீதி நிலைபெறத் தியாகேசப் பெருமான் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.